திவால் வழக்கறிஞராகத் தனியே அலுவலகம் திறக்கலாமா?

வாசகர் கடிதம் – சுருக்கம்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கத்திலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். வயது 34. பத்து வயதில் பெற்றோருடன் திருச்சியிலிருந்து வந்து, இங்கேயே சட்டம் படித்தவர். வங்கிகளுக்காகவும் கிரெடிட் கார்டு கம்பெனிகளுக்காகவும் கடன் வசூல் வழக்கு நடத்தும் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறார். "மாதம் நூறு பேருக்கு மேல் கேஸ் போடுகிறேன். பாதிப் பேர் கோர்ட்டுக்கே வருவதில்லை. வராதவர்கள் மேல் தீர்ப்பு வாங்கி, சம்பளத்தில் கை வைக்கிறோம். எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை" என்கிறார்.

செப்டம்பரில் வேலையை விட்டுவிட்டு, தனிநபர் திவால் வழக்குகளை மட்டும் எடுக்கும் அலுவலகத்தைத் தனி ஆளாகத் திறக்க நினைக்கிறார். மாதம் 20 சாப்டர் 7 வழக்கு (சட்டம் விட்டுவைக்கும் சொத்து போக மீதியை விற்று, பெரும்பாலான கடன்களை அழிக்கும் வகை), ஒன்றுக்கு 1,500 டாலர் என்பது அவர் கணக்கு. படிவங்களை மென்பொருளே நிரப்பிவிடும். கையில் பணமில்லாதவர்கள் தாக்கலுக்குப் பிறகு தவணையில் தரட்டும், இல்லாவிட்டால் கார்டில் தேய்க்கட்டும். செப்டம்பர் வரை ராத்திரியும் வார இறுதியும் இரண்டு மூன்று கேஸ் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். ஆள் அனுப்பி, காகித வேலையும் செய்து தந்து, ஃபீஸில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதாக ஒரு விளம்பரக் கம்பெனி பேசியிருக்கிறதாம். கணவருக்கு ஐடி வேலை. இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன். "மஞ்சள் கடுதாசி கொடுக்கிறவங்ககிட்ட காசு வாங்குற தொழில் நம்ம குடும்பத்துக்கு வேண்டாம்" என்கிறாராம் மாமியார். இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறதா, மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்காகத்தான் இரண்டாவது முறை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறக்கலாம். வசூல் பக்கம் இருந்தவர்கள் இந்தப் பக்கம் வந்தால் நன்றாகவே செய்வார்கள். சம்மன் எப்படிப் போகும், தீர்ப்பு எத்தனை நாளில் சம்பளப் பிடித்தமாக மாறும், வங்கிக் கணக்கு எப்போது முடங்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் செப்டம்பரில் வேண்டாம். இந்தக் கணக்கை நம்பி வேண்டாம். இப்போதைய வேலையில் இருந்துகொண்டு ராத்திரியில் கேஸ் பார்ப்பது வேண்டவே வேண்டாம். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது இந்த வாரமே உங்களை மாட்டிவைக்கும்.

ராத்திரி கேஸ்

பகலில் ஒரு வங்கிக்காக வழக்குப் போடுகிறீர்கள். ராத்திரி உங்களிடம் வருகிறவரின் கடன் பட்டியலில் அதே வங்கி இருக்கும். பெரிய கார்டு கம்பெனிகள் ஏழெட்டுத்தான் என்பதால், இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரே நேரத்தில் இருவருக்கும் வக்கீலாக இருக்க முடியாது. உங்கள் நிறுவனத்தின் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் உங்கள் கட்சிக்காரர்களாகவே கணக்கில் வருவார்கள்.

வேலையை விட்ட பிறகும் இது முழுதாகத் தீராது. "நான் முன்பு வழக்குப் போட்டவர்களுக்கே இப்போது உதவப் போகிறேன்" என்று உருக்கமாக எழுதியிருந்தீர்கள். மனசு புரிகிறது. ஆனால் வக்கீல்களுக்கான ஒழுங்கு விதி வேறு மாதிரி பார்க்கிறது. உங்கள் முன்னாள் கட்சிக்காரர் அந்த வங்கி. நீங்களே கையெழுத்துப் போட்டு வழக்குத் தொடுத்த அதே கடன் விவகாரத்தில், வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கடனாளி பக்கம் போய் நிற்க முடியாது. நிறுவனத்தின் கோப்புகளிலிருந்து பெயர், முகவரி எடுத்துக் கடிதம் அனுப்புவதை நினைக்கவே வேண்டாம். வேலையை விடுவதற்கு முன், எந்தெந்தக் கட்சிக்காரர்களுக்கு, எந்த மாதிரி வழக்குகளில் ஆஜரானீர்கள் என்று உங்கள் நினைவுக்காக ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். வங்கிகளின் பெயர் போதும். கடனாளிகளின் விவரம் ஒன்றும் வேண்டாம். பிறகு வரும் ஒவ்வொரு புது ஆளையும் முதலில் அந்தக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருபது பெருக்கல் ஆயிரத்து ஐந்நூறு

நானும் திவால் வழக்கறிஞர்தான். அலுவலகம் திறந்தது 2009இல். நாடே வீட்டுக் கடனில் மூழ்கிக் கிடந்த நேரம். அப்படியிருந்தும் முதல் பன்னிரண்டு மாதத்தில் நான் தாக்கல் செய்தது 31 வழக்கு. ஒரு சாதாரண சாப்டர் 7 வழக்குக்கு எனக்கு இன்றும் பன்னிரண்டு மணி நேரம் குறையாமல் பிடிக்கிறது. மாதம் இருபது என்றால் 240 மணி நேரம். இது தாக்கல் வரை வந்தவர்கள் கணக்குதான். பத்துப் பேர் வந்து பேசினால் நான்கு பேர் கடைசி வரை வருவார்கள் என்பது என் அனுபவம். மற்ற ஆறு பேருக்கும் ஒரு மணி நேரமாவது கொடுத்திருப்பீர்கள். அதில் இரண்டு பேரிடம் "உங்களுக்குத் திவாலே தேவையில்லை" என்று சொல்லி அனுப்பியிருப்பீர்கள். அப்படிச் சொல்வதும் இந்த வேலைதான்.

தாக்கலுக்குப் பிறகு தவணையில் ஃபீஸ் என்பது சாப்டர் 7இல் நடக்காது. வழக்குக்கு முன்னால் செய்த வேலைக்கு அவர் பாக்கி வைத்தால், அந்த நொடியிலிருந்து நீங்களும் ஒரு கடன் கொடுத்தவர். மற்ற கடன்களோடு உங்கள் பாக்கியும் டிஸ்சார்ஜில், அதாவது கடனிலிருந்து விடுவிக்கும் கோர்ட் ஆணையில், அழிந்துபோகும். நடுவில் கேட்டால், தாக்கல் செய்ததுமே கடன் வசூலுக்கு விழும் தடையாணையை மீறிய குற்றம் உங்கள் தலையில் விழும். திவாலில் சேரும் கட்சிக்காரரின் சொத்துத் தொகுப்பிலிருந்தும் உங்களுக்கு ஃபீஸ் வராது என்று லாமி வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. தாக்கலுக்கு முன் ஓர் ஒப்பந்தம், பின் ஓர் ஒப்பந்தம் என்று ஃபீஸைப் பிரித்து வாங்குகிறவர்கள் உண்டு. 2022 ஜூனில், திவால் வழக்குகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான யு.எஸ். டிரஸ்டி அலுவலகம் அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குக் கோர்ட் பார்வை மாறுகிறது. முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கார்டில் தேய்க்கச் சொல்வது இன்னும் மோசம். திவாலுக்கு வரப்போகிறவரிடம் "கடன் வாங்கி எனக்கு ஃபீஸ் கட்டு" என்று வக்கீல் சொல்லவே கூடாது என்று திவால் சட்டத்தின் 526ஆம் பிரிவு தடுக்கிறது. இந்தப் பிரிவுகள் வக்கீல்களுக்கும் பொருந்தும் என்று 2010இல் மிலாவெட்ஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. நீங்கள் தரும் விளம்பரத்தில்கூட, கடன் நிவாரணத்துக்கு உதவும் அமைப்பு என்ற அறிவிப்பு இருக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் ஐந்து வேலை நாளுக்குள் கையெழுத்தாக வேண்டும்.

அப்புறம் கோர்ட் கட்டணம். சாப்டர் 7க்கு 338 டாலர், வருமானத்திலிருந்து சில வருடம் தவணை கட்டும் வகையான சாப்டர் 13க்கு 313. இதைத் தவணையில் கட்ட கோர்ட் அனுமதிக்கும். ஆனால் அந்தத் தவணை முடியும் வரை கட்சிக்காரர் உங்களுக்கு மேற்கொண்டு ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

நடைமுறையில் என்ன நடக்கும்? ஆள் அக்டோபரில் வருவார். மாதம் இருநூறு டாலர் கொடுப்பார். நடுவில் கார் பழுதாகும், ஒரு மாதம் தராமல் விடுவார். பிப்ரவரி, மார்ச்சில் வரி ரீஃபண்ட் வந்ததும் பாக்கியைக் கட்டுவார். உங்கள் வருமானம் வசந்த காலத்தில் குவிந்து கோடையில் வற்றும். அந்த ரீஃபண்டும் கட்சிக்காரரின் சொத்துதான். பட்டியலில் வர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் கொடுக்கும் கோர்ட் கட்டணம், கட்சிக்காரர் பணத்துக்கென்று தனியாக வைக்கும் டிரஸ்ட் கணக்கில்தான் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் வக்கீல் கணக்குகளைத் திடீர்த் தணிக்கை செய்வார்கள். கட்சிக்காரர் பணத்தைத் தெரிந்தே தொட்டால் தொழிலே போகும் என்று 1979இல் வில்சன் வழக்கில் கோடு போட்டிருக்கிறார்கள். வாடகைக்கு இரண்டு நாள் தாமதம் என்றாலும் அந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள்.

சாப்டர் 13இல் ஃபீஸின் பெரும்பகுதி மூன்று முதல் ஐந்து வருடத் திட்டத்தின் வழியாக வரும். தொகையை உள்ளூர் விதி சொல்லும். ஆனால் திட்டம் பாதியில் கவிழ்ந்தால் உங்கள் பாக்கியும் கவிழும். எனவே கணவரின் சம்பளத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் நம்பி, ஒன்பது மாதம் உங்கள் பங்கு வருமானம் இல்லாமல் வீடு ஓடுமா என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். ஓடும் என்றால் திறங்கள்.

விளம்பரக் கம்பெனிக்கு ஒரே வரி: வேண்டாம். வக்கீல் அல்லாதவரோடு ஃபீஸைப் பங்கு போடுவதை ஒழுங்கு விதியும் தடுக்கிறது, திவால் சட்டத்தின் 504ஆம் பிரிவும் தடுக்கிறது.

மென்பொருள் கேட்காத கேள்விகள்

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் கவலைப்பட்டது "படிவங்களை மென்பொருளே நிரப்பிவிடும்" என்ற வாக்கியத்தைப் பார்த்துத்தான். நிரப்பும். கேள்விக்குக் கிடைத்த பதிலை நிரப்பும்.

2011இல் நடந்தது. கரூர் பக்கத்துக்காரர் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர், ஹோட்டல் சமையலறையில் வேலை. மனைவிக்கு ஆபரேஷன், அதனால் கார்டுக் கடன். மளிகைக் கடைப் பை நிறையப் பிரிக்காத உறைகளோடு வந்தார். "உங்கள் பெயரில் சொத்து ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். வாடகை வீடு, பழைய டொயோட்டா, வங்கியில் நானூறு டாலர். இதைவிட எளிய வழக்கு கிடையாது என்று நினைத்துத் தாக்கல் செய்தேன்.

நெவார்க்கில் 341 கூட்டம். வழக்கின் சொத்துகளைக் கவனிக்க நியமிக்கப்பட்ட டிரஸ்டி, கட்சிக்காரரைச் சத்தியத்தின் பேரில் கேள்வி கேட்கும் கூட்டம் அது. அப்போதெல்லாம் நேரில்தான், இப்போது ஜூமில் நடக்கிறது. டிரஸ்டி வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். படிவத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீர்களா, எல்லாச் சொத்தும் இதில் இருக்கிறதா, உலகத்தில் எங்காவது நிலத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா. என் கட்சிக்காரர் நிமிர்ந்து, "உண்டுங்க, ஊர்ல அப்பா நிலம் இருக்கு" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அப்பா இறந்து இரண்டு வருடம். மூன்று பிள்ளைகள். பாகம் பிரிக்கவில்லை, பட்டா இன்னமும் அப்பா பெயரில்.

வெளியே வந்ததும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க கேக்கவே இல்லையேம்மா. எம்பேர்ல இருக்கான்னுதானே கேட்டீங்க?" என்றார்.

சாப்டர் 7 ஒருவழிப் பாதை. நினைத்தால் வாபஸ் வாங்க முடியாது. சாப்டர் 13இல்தான் அந்த உரிமை உண்டு. படிவத்தைத் திருத்தித் தாக்கல் செய்தேன். வாரிசுச் சான்றிதழ், சிட்டா, வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கரூரிலிருந்து வரவழைத்து மொழிபெயர்த்துக் கொடுத்தோம். கட்சிக்காரரே வைத்துக்கொள்ளச் சட்டம் விடும் விலக்குத் தொகையில் கொஞ்சம் அடங்கியது. மீதிக்கு டிரஸ்டியோடு சமரசம் பேசினோம். அந்தப் பணத்தை ஊரிலிருந்த அண்ணன் தன் மனைவியின் நகையை அடகு வைத்து அனுப்பினார். எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் சாப்டர் 13 பற்றி யோசித்திருப்பேன், இல்லை தாக்கலுக்கு முன்பே வழி பார்த்திருப்பேன். ஒரு கேள்வியை நான் சரியாகக் கேட்காததற்கு, பார்த்தறியாத ஒரு பெண்ணின் நகை அடகுக்குப் போனது. அந்த நினைப்பு இன்றும் இருக்கிறது.

541ஆம் பிரிவு, சொத்து எங்கே இருந்தாலும் யார் கையில் இருந்தாலும் கணக்கில் சேர்க்கிறது. நம் மக்களிடம் "அசெட்ஸ் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். பொய் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில்லை. அவர்கள் மனதில் அது அப்பா நிலம், அம்மா நகை, தம்பி பார்த்துக்கொள்ளும் வீடு. அதனால் நான் இப்போது இப்படிக் கேட்கிறேன்: அப்பா அம்மா இருக்கிறார்களா? இறந்திருந்தால் எப்போது, பாகம் பிரித்தாயிற்றா, பட்டா யார் பெயரில்? பெண்ணாக இருந்தால் "அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்பார்கள். விடுதலைப் பத்திரம் பதிவானதா, எந்தத் தேதியில்? தாக்கலுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் என்றால் அதுவே ஒரு தனிப் பிரச்சினை. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் சட்டம் வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். இங்குள்ள டிரஸ்டிகள் சிலருக்கும் தெரியும். பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்கள் உடல்நிலையையும் கேளுங்கள். தாக்கல் செய்து 180 நாளுக்குள் வாரிசாக வருவதும் வழக்கில் சேர்ந்துவிடும். இதைக் கேட்கும்போது நாக்கு கூசும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது சீட்டு. நண்பர்களுக்குள் ஏலச்சீட்டு நடக்காத ஊர் இங்கே எது? சீட்டு எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் மீதித் தவணை கடன். நடத்துகிறவர் பெயர் கடன் பட்டியலில் வர வேண்டும். எடுக்கவில்லை என்றால் கட்டிய பணம் சொத்து. "அவரை மட்டும் எழுத வேண்டாம், கோவிலில் தினமும் பார்க்கிற ஆள்" என்பார்கள். விட முடியாது என்று அன்போடு சொல்லுங்கள். அதேபோல், போன வருடம் மச்சானுக்குத் திருப்பிக் கொடுத்த எட்டாயிரம் டாலர். நெருங்கிய உறவினருக்கு ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கொடுத்த கடனை டிரஸ்டி மச்சானிடமிருந்தே திரும்பக் கேட்கலாம். நகை எங்கே, லாக்கர் சாவி யாரிடம், ஊர் வங்கியில் என்.ஆர்.இ. கணக்கு உண்டா என்பதும் கேட்க வேண்டியவை.

ஒரு சின்ன விஷயம். தமிழில் கடன் கொடுத்தவரும் கடன்காரர், வாங்கியவரும் கடன்காரர். கட்சிக்காரர் "அவர் கடன்காரர்" என்றால் யார் யாருக்குத் தர வேண்டும் என்று மறுபடி கேளுங்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதற்காக 341 கூட்டத்தில் நீங்களே மொழிபெயர்க்காதீர்கள். அங்கே இலவச மொழிபெயர்ப்பாளரைத் தருகிறார்கள். நீங்கள் வக்கீலாக மட்டும் இருங்கள்.

இத்தனையும் எதற்கு? மனுவில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. விசாரித்த பிறகு, தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை என்று அந்தக் கையெழுத்தே உறுதி சொல்வதாக 707(பி)(4) பிரிவு வைத்திருக்கிறது. மறைத்த கட்சிக்காரருக்கு டிஸ்சார்ஜ் மறுக்கப்படலாம், ஐந்து வருடம் வரை சிறையும் உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் "திவால் போட்டால் விசா போய்விடுமா?" என்று நடுங்குவார்கள். திவால் தாக்கல் செய்வது மட்டும் விசாவைப் பறிக்கிற காரணம் ஆகாது. பொய்ச் சத்தியம் அப்படியில்லை. அது குடியேற்ற வழக்கையும் பிடித்துக்கொள்ளும். இதைத் தெளிவாகச் சொன்னால், மறைக்க நினைத்தவர்கள்கூட வாயைத் திறப்பார்கள்.

எடிசன் பக்கம் உங்களுக்கு அதிகம் வரப்போவது வேலை போன ஐடி ஆட்கள். சாப்டர் 7க்குத் தகுதி உண்டா என்று வருமானத்தை அளக்கும் மீன்ஸ் டெஸ்டில் பார்ப்பது இன்றைய வருமானத்தை அல்ல, தாக்கல் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாதங்களின் சராசரியை. ஜனவரியில் வேலை போய், கடைசிச் சம்பளமும் பிரிவுத் தொகையும் அந்த மாதமே வந்திருந்தால், மார்ச்சில் தாக்கல் செய்பவர் பணக்காரராகத் தெரிவார். ஆகஸ்டில் அதே ஆளுக்கு அந்த ஜனவரி கணக்கிலேயே வராது. வழக்கை எப்போது போடுவது என்று தெரிந்திருப்பதற்குத்தான் அவர் உங்களுக்கு ஃபீஸ் தருகிறார். வீடு இருந்தால் விலக்குத் தொகையைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் கூட்டாட்சி விலக்குகளைத் தேர்ந்தெடுக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் குடியிருக்கும் வீட்டுக்கு ஒருவருக்கு 31,575 டாலர். இங்கே வீட்டு விலை ஏறியிருக்கும் ஏற்றத்துக்கு, பலருக்கு அது போதாது.

தனி ஆள் என்றால்

கடன் கட்டாத வீட்டை விற்கும் ஷெரீஃப் ஏலம் நாளை காலை பதினொரு மணிக்கு என்று இன்று சாயங்காலம் ஒருவர் வந்து நிற்பார். முதல் மனுவை மட்டும் போட்டு ஏலத்தை நிறுத்திவிடலாம். மீதிப் படிவங்களுக்குப் பதினான்கு நாள்தான். அந்தப் பதினான்கு நாளில் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? உங்களுக்கே வந்தால்? சம்பளச் சீட்டு போன்றவை 45 நாளுக்குள் போய்ச் சேரவில்லை என்றால் 46ஆம் நாள் வழக்கு தானாகவே விழும். எனவே திறப்பதற்கு முன்பே இன்னொரு தனி வழக்கறிஞரோடு எழுத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: உங்களுக்கு முடியாதபோது அவர், அவருக்கு முடியாதபோது நீங்கள். எனக்கு அப்படி ஒரு தோழி இருக்கிறாள். என் அறுவை சிகிச்சையின்போது மூன்று வாரம் என் வழக்குகளை அவள்தான் சுமந்தாள். எல்.எல்.சி.யாகப் பதிவு செய்தால் தொழில் பிழைக் காப்பீடு இங்கே கட்டாயம். எப்படிப் பதிவு செய்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.

எதிர்காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தொழில் அலை மாதிரி. 2005 அக்டோபரில் கடுமையான சட்டம் அமலாவதற்கு முன் எல்லோரும் ஓடிப்போய்த் தாக்கல் செய்ததில், அந்த ஒரு வருடமே 20 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த வருடம் சுமார் ஆறு லட்சமாக விழுந்தது. 2010இல் 15 லட்சத்துக்கு மேல். 2022இல் நான்கு லட்சத்துக்கும் கீழே. 2024இல் மறுபடி ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. மேலே ஏறும்போது சேர்த்து வைத்தவர்கள்தான் கீழே இறங்கும்போது நிற்கிறார்கள். இலவசமாக சாப்டர் 7 தாக்கல் செய்ய உதவும் அப்சால்வ் போன்ற லாப நோக்கில்லாத அமைப்புகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சொத்தும் சிக்கலும் இல்லாத ஏழைக் கட்சிக்காரரை நானே அங்கே அனுப்பியிருக்கிறேன். அவர் பிறகு சிக்கலில் இருக்கும் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாமியாருக்கு

அவர் சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். ஊரில் "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்" என்றால் அந்தக் குடும்பத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். அவர் பார்த்து வளர்ந்தது அது. தனிநபர்களுக்கு அங்கே இன்னமும் 1909, 1920 வருடத்து இன்சால்வன்சி சட்டங்கள்தான். 2016இல் வந்த புதுச் சட்டத்திலும், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கான பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இங்கே திவால் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியல் சாசனமே காங்கிரஸுக்குக் கொடுத்திருக்கிறது. 1934இல் லோக்கல் லோன் வழக்கு ஒன்று வந்தது. 300 டாலர் கடனுக்குத் தன் வருங்காலச் சம்பளத்தை எழுதிக் கொடுத்த ஒருவர். திவாலில் விடுதலையான பிறகும் கடன் கம்பெனி அவர் சம்பளத்தைக் கேட்டது. நேர்மையாக இருந்தும் நொடித்துப்போனவர் பழைய பாரம் இல்லாமல் மறுபடி தொடங்கத்தான் இந்தச் சட்டம் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தக் கதையை அத்தைக்குச் சொல்லுங்கள். இப்போது நீங்கள் பார்க்கும் வேலையில் யார் சம்பளத்தில் கை வைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாவம் எந்தப் பக்கம் என்று அவரே யோசிக்கட்டும். ஜீவனாம்சம், பிள்ளைச் செலவு, அண்மை வருட வரி போன்றவை இங்கேயும் அழியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஏமாற்றுகிறவனுக்கு வழிவிடும் தொழில் இது என்ற பயம் அவருக்கு இருக்கலாம்.

எப்போது

அக்டோபர் கடைசி வரை வேலையில் இருங்கள், ஆனால் ராத்திரியில் ஒரு கேஸும் எடுக்காதீர்கள். விடுமுறை நாட்களில் கோர்ட்டுக்குப் போய் சாப்டர் 13 திட்ட விசாரணைகளில் பின் வரிசையில் உட்காருங்கள். நுகர்வோர் திவால் வழக்கறிஞர்களின் தேசிய சங்கம் 1992 முதல் இருக்கிறது. வேலையை விட்டதும் அதில் சேருங்கள். சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கும். அக்டோபர் கடைசியில் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். நவம்பரில் டிரஸ்ட் கணக்கு, காப்பீடு, ஒப்பந்த மாதிரி. டிசம்பரில் கதவைத் திறந்தால், ரீஃபண்ட் வரும் மாதங்களுக்கு முன்பே நான்கைந்து பேர் உங்களிடம் பேசி முடித்திருப்பார்கள்.

அலுவலகத்துக்கு முதலில் என்ன வாங்குவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கமும் ஒரே தடவையில் எடுக்கும் நல்ல ஸ்கேனர். அப்புறம் ஓர் அகலமான மேசை. கட்சிக்காரரை எதிரே உட்கார வைக்காமல் பக்கத்தில் உட்கார வையுங்கள். பையைக் கவிழ்த்து, உறைகளை இருவருமாகப் பிரித்து, கோர்ட்டிலிருந்து வந்தவை ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம் என்று அடுக்குங்கள். ஏழாவது எட்டாவது உறையில் அவர் பேச ஆரம்பிப்பார். அப்போது ஊரைப் பற்றிக் கேளுங்கள்.